வசனம் இல்லாத நேரத்தில் நடிப்பது எப்படி: திரைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரைப்படத்தில் முதன்முறையாக வாய்ப்புப் பெறுபவருக்குப் பெரும்பாலும் வசனம் கிடைப்பதில்லை. பஞ்சாயத்துக் காட்சியில் மரத்தடியில் அமர்ந்திருப்பவராகவோ, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் உறவினராகவோ, கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கும் நண்பர்களில் ஒருவராகவோ அவரை நிறுத்துவார்கள். வசனம் இருந்தாலும் அது ஒரு வரியைத் தாண்டாது. அந்த ஒரு வரியை நூறு முறை உருப்போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்கு வரும் இளைஞர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் அவர் திரையில் தெரியப்போவது 40 விநாடி என்றால், வரியைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம் 4 விநாடிதான். மிச்சமுள்ள 36 விநாடியில் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை, அவரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த 36 விநாடியைப் பற்றியது. புதியவர்களின் உடல் எதையும் பேசாமல் இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறை. என் அனுபவம் இதற்கு நேர்மாறானது: அவர்களுடைய உடல் வேண்டாத பலவற்றை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது, அந்த இரைச்சலில் வேண்டியது கேட்காமல் போகிறது. ஆகையால் கீழேயுள்ள படிகள், நீக்குவதில் தொடங்கி, அதன் பிறகே சேர்ப்பதற்குச் செல்கின்றன. பயிற்சிக்கு ஒரு கைப்பேசியும், அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டும், நாள்தோறும் ஒரு மணி நேரமும் போதும்.

முதல் படி: சும்மா இருக்கப் பழகுதல்

கைப்பேசியை உங்களுக்கு நேராக ஐந்தடி தூரத்தில் நிறுத்தி, ஒரு நாற்காலியில் அமர்ந்து, பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். நடிக்க வேண்டாம், யாருக்காகவோ காத்திருப்பதாக மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பதிவை ஒலியில்லாமல் ஓடவிட்டு, உங்கள் உடல் தன்போக்கில் செய்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உதட்டை ஈரப்படுத்துவது, மூக்கைத் தொடுவது, மீசையை நீவுவது, துப்பட்டாவைச் சரிசெய்வது, காலை ஆட்டுவது, காரணமில்லாமல் புருவத்தை உயர்த்துவது என்று அந்தப் பட்டியல் நீளும். முதல் நிமிடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் சங்கடம் தொடங்குகிறது. தமக்கு இப்படியொரு பழக்கம் இருப்பது வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்க, தமக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்கிறார்கள்.

இவை குற்றங்கள் அல்ல. ஆனால் இவை உங்களுக்குச் சொந்தமானவை, நீங்கள் ஏற்கும் பாத்திரத்துக்குச் சொந்தமானவை அல்ல. நெசவாளியாக வந்தாலும் நீதிபதியாக வந்தாலும் ஒருவர் அதே போல மூக்கைத் தொட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு நெசவாளியும் தெரியமாட்டார், நீதிபதியும் தெரியமாட்டார். ஆகவே பட்டியலிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பத்து நிமிடம் அதைச் செய்யாமல் இருந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கினால் உடல் விறைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவரைப் போல ஆகிவிடும். ‘சும்மா இரு சொல்லற’ என்று முருகன் தமக்கு உபதேசித்ததாக அருணகிரிநாதர் கந்தரநுபூதியில் பாடுகிறார். அவருக்கே தெய்வம் வந்து சொல்ல வேண்டியிருந்த காரியம் உங்களுக்கு ஒரு வாரத்தில் கைகூடவில்லையென்றால் மனம் தளர வேண்டியதில்லை.

அசைவின்மையைக் கொண்டே நடிக்க முடியுமா என்ற ஐயம் இருந்தால், 1994இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மகளிர் மட்டும்’ படத்தில் நாகேஷ் பிணமாக வரும் பகுதியைப் பாருங்கள். தமிழ்த் திரையில் மிகத் துறுதுறுப்பான உடல்களில் ஒன்றைக் கொண்டிருந்த நடிகர், தானாக எதையும் செய்யாமல், பிறர் தூக்கவும் சாய்க்கவும் நகர்த்தவும் தம் உடலை ஒப்படைத்துவிட்டு, அதைக் கொண்டே அரங்கைச் சிரிக்க வைத்தார். சும்மா இருப்பதற்கும் விறைத்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி: கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறிதல்

மேடையில் மிகையாக நடிக்க வேண்டும், திரையில் குறைத்து நடிக்க வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் உண்மை. மேடை நாடகத்தில் பார்வையாளர் அமர்ந்திருக்கும் தூரம் காட்சிக்குக் காட்சி மாறுவதில்லை. திரைப்படத்தில் அது ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது. லாங் ஷாட்டில் உங்கள் முகம் நகத்தளவுதான் தெரியும் என்பதால், அங்கே புருவத்தால் எதைச் சொன்னாலும் வீண். தோளும் முதுகும் நடையும்தான் பேச வேண்டும். மிட் ஷாட்டில் இடுப்புக்கு மேற்பட்ட உடல் தெரிகிறது, கைகள் முக்கியமாகின்றன. க்ளோசப்பிலோ, திரையரங்கில் உங்கள் முகம் ஓர் ஆளின் உயரத்தைக் காட்டிலும் பெரிதாக நிற்கிறது. கருவிழி ஒரு நூலளவு நகர்ந்தாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். ஆக, குறைப்பதா கூட்டுவதா என்பதைவிட, உணர்ச்சியை உடலின் எந்தப் பகுதியில் வைப்பது என்பதே கேள்வி.

இதற்கான பயிற்சி எளிது. ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறீர்கள். அதில் இருப்பது கெட்ட செய்தி. இந்தச் சிறு செயலை 15 அடி, 6 அடி, 2 அடி என்று மூன்று தூரங்களில் கைப்பேசியை நிறுத்தித் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். 15 அடியில் கடிதம் பிடித்த கை தாழ்வதும், நின்றவர் எதையாவது பற்றிக்கொண்டு உட்காருவதும் செய்தியைச் சொல்லிவிடும். அதே அசைவுகளை 2 அடியில் செய்தால் கேமராவின் சட்டத்தைவிட்டு வெளியே போய்விடுவீர்கள். அங்கே கண் ஒரு வரியில் நின்று, மீண்டும் அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவது ஒன்றே போதும்.

படப்பிடிப்பில், ஷாட்டுக்கு முன்பு உதவி இயக்குநரிடம் ‘சார், என்ன ஷாட், எது வரைக்கும் தெரியும்?’ என்று தயங்காமல் கேளுங்கள். இதைக் கேட்பவரை யாரும் தலைக்கனம் பிடித்தவர் என்று எண்ணுவதில்லை. வேலை தெரிந்தவர் என்றே எண்ணுவார்கள். எதிரே நிற்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பதைத் தமிழ்ப் படப்பிடிப்புகளில் சஜஷன் ஷாட் என்பார்கள். அந்த ஷாட்டில் தோளாக நிற்பது நீங்கள் என்றால், முகம் தெரியவில்லையே என்று அலட்சியமாக நிற்காதீர்கள். எதிரே நடிப்பவருக்கு உங்கள் முகம் தெரிகிறது. அவருடைய நடிப்புக்கு நீங்கள் கொடுப்பதுதான் மூலதனம்.

மூன்றாம் படி: கண்

பரதநாட்டியம் கற்றவர்கள், அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் வரும் ஒரு சுலோகத்தை அறிந்திருப்பார்கள். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம், மனம் போகும் இடத்துக்கு பாவம் (உணர்ச்சியின் வெளிப்பாடு), பாவம் இருக்கும் இடத்தில் ரசம் (சுவை) என்று அது சொல்கிறது. நாட்டியத்துக்கு அது சரியான வரிசை. கேமராவின் முன்னால் இதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது: மனம் முதலில் போகிறது, கண் அதைத் தொடர்கிறது, பிறகு தலை, பிறகு தோள், கடைசியாகக் கை. நாட்டியப் பயிற்சியோடு திரைக்கு வருபவர்கள் சிலருக்குத் தொடக்கத்தில் ஏற்படும் இடறல், இந்த வரிசை மாற்றத்தால் வருவதே. அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள கட்டுப்பாடு பெரிய வரம் என்பதையும் சொல்ல வேண்டும். வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டால் அவர்கள் மற்றவர்களைவிட விரைவாக முன்னேறுகிறார்கள்.

கதவு தட்டும் ஓசை கேட்டுத் திரும்பும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணும் தலையும் உடலும் ஒரே நேரத்தில் திரும்பினால், ஓசை வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தவர் திரும்புவதைப் போலிருக்கும். கண் முதலில் நகர்ந்து, ஒரு கணம் நின்று, பிறகு தலை தொடர்ந்தால், அந்த ஒரு கணத்தில் ‘இந்நேரத்தில் யார்?’ என்ற எண்ணத்தைப் பார்வையாளர் தாமே படித்துக்கொள்வார். இதை இருபது முறை பதிவு செய்து, அந்த இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். கடன்காரருக்குப் பயந்திருப்பவருக்கு ஓர் இடைவெளி, மகள் வரவை எதிர்பார்த்திருப்பவருக்கு வேறோர் இடைவெளி.

இமைப்பதைப் பற்றியும் கவனம் தேவை. இயல்பாக ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். பதற்றத்தில் அது கூடுகிறது. படப்பிடிப்பின் வெளிச்சத்திலும் கூட்டத்திலும் புதியவருக்குப் பதற்றம் இயல்பு என்பதால், துணிச்சல்காரராக நடிக்கும்போதுகூட அவருடைய இமைகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இமைக்காமல் முறைத்துப் பார்ப்பது இதற்கு மருந்தாகாது. எண்ணம் மாறும் இடத்தில் இமைப்பது, எண்ணம் ஒன்றிலேயே நிற்கும் இடத்தில் இமைக்காமல் இருப்பது என்று பழகுங்கள்.

க்ளோசப்பில் எதிரே உள்ளவரின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் உங்கள் விழிகள் இடமும் வலமும் ஊசலாடுவது தெரியும். ஆகவே கேமராவுக்கு அருகிலுள்ள கண் ஒன்றை மட்டும் பாருங்கள். பல சமயங்களில் எதிரே நடிகரே இருக்கமாட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நீட்டிப் பிடித்திருக்கும் கைமுட்டியைப் பார்த்துக் காதலிக்க வேண்டியிருக்கும். வீட்டுச் சுவரில் ஒரு பொட்டை ஒட்டி, அதைப் பார்த்துப் பேசிப் பழகியவருக்கு அந்த நாளில் அதிர்ச்சி இருக்காது.

முகம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்ற பதைப்பும் வேண்டாம். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நடிகரின் ஒரே முகக் காட்சியை, சூப் கிண்ணம், சவப்பெட்டி, பெண் ஆகிய மூன்று காட்சிகளோடு தனித்தனியாக இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துயரத்தையும் விருப்பத்தையும் கண்டார்கள் என்பது திரைப்படப் பள்ளிகளில் இன்றும் முதல் பாடமாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் பாதியைச் சொன்னால் போதும். மறுபாதியைப் படத்தொகுப்பாளர் சொல்லிக்கொள்வார்.

நான்காம் படி: கேட்டல்

எனக்கு ஒரே ஒரு படியை மட்டும் சொல்லித்தர வாய்ப்பிருந்தால் இதைத்தான் சொல்வேன். புதியவர்களில் பெரும்பாலோர் எதிராளி பேசும்போது கேட்பதில்லை. தம் வரி வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் முகமும் கேட்கும் முகமும் ஒன்றல்ல என்பதைக் கேமரா உடனே காட்டிவிடுகிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பின்னர் டப்பிங் பேசப்படுவதால், படப்பிடிப்பில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டிங் பழக்கம் நிலைத்துவிட்டது. இதனால் புதியவரின் காது எதிராளியை விட்டுவிட்டு பிராம்ப்டரிடம் போய்விடுகிறது. காதைத் தொடர்ந்து கண்ணும் அரை அங்குலம் அந்தப் பக்கம் சாய்கிறது. மனைவியின் கண்ணீரைப் பார்க்க வேண்டியவர், வலப்பக்கத்தில் யாரோ முணுமுணுப்பதை உற்றுக் கேட்பவராகத் திரையில் தெரிகிறார். வசனத்தை முழுமையாக மனப்பாடம் செய்துகொண்டு போய், ‘பிராம்ப்டிங் வேண்டாம் சார்’ என்று சொல்ல முடிவதே உங்கள் முகத்துக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி. ஒலியை அங்கேயே பதிவு செய்யும் படங்களில் பிராம்ப்டிங்குக்கு இடமே இல்லை என்பதால், அந்தப் பழக்கம் வேறு வழியிலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கேட்கும் காட்சிக்குத் தயாராகும்போது, எதிராளியின் வசனத்தில் எந்தச் சொல்லில் உங்களுக்கு விஷயம் புரிகிறது என்று பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ‘உங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, ஒண்ணும் பயப்பட வேண்டாம்’ என்பது வசனம் என்று வைத்துக்கொள்வோம். வசனம் முழுவதும் முடியும் வரை காத்திருந்து, பிறகு அதிர்ச்சியைக் காட்டுவதுதான் புதியவர் செய்வது. வாழ்க்கையில் ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லிலேயே மனம் அறுந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஆறுதல் காதில் ஏறாது. ஆகவே மாற்றம் அந்தச் சொல்லில் நிகழ வேண்டும், ‘பயப்பட வேண்டாம்’ என்பது உங்கள் மேல் பட்டு வழிந்து போக வேண்டும். பேசியவர் நிறுத்திய பிறகும் நீங்கள் இன்னும் அந்த முதல் சொல்லிலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

இதைப் பழக, ஒரு நண்பரை உங்களுக்கு முன்பே தெரியாத ஒரு செய்தியையோ சிறுகதையையோ படிக்கச் சொல்லி, கேட்கும் உங்கள் முகத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு அதையே மீண்டும் மூன்று முறை படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, நான்கையும் ஒப்பிடுங்கள். முதல் பதிவில் முகம் ஏறக்குறைய எதுவும் செய்யாமலிருந்தும் உயிரோடு இருக்கும். நான்காவதில் அது எல்லாவற்றையும் செய்தும் செத்துப்போயிருக்கும். நான்காவதை முதலாவதன் அருகே கொண்டுவருவதற்கு ஒரு வழி, பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடும் பேச்சை எழுதிவைத்துக்கொள்வது. எதிராளியின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பதிலை உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். டேக்கின்போது, அதாவது கேமரா ஓடும்போது, அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தால், முகம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: உணர்ச்சிக்குக் காரணம் தேடுதல்

நடிப்புப் பயிற்சி என்ற பெயரில் கண்ணாடி முன் நின்று ஒன்பது ரசங்களுக்கு ஒன்பது முகங்களைச் செய்துபார்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முகத்தின் தசைகளை இளக்குவதற்கு அது உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் கையில் மிஞ்சுவது ஒன்பது முகமூடிகள்தான். கேமராவின் முன்னால் யாரும் ‘கோபமாக’ இருப்பதில்லை. ஒருவர் மீது, ஒன்றுக்காக, ஒரு நேரத்தில் கோபப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்கும் நூல், வியப்பாக, தொல்காப்பியம். அதன் மெய்ப்பாட்டியல், ‘நகையே அழுகை இளிவரல் மருட்கை அச்சம் பெருமிதம் வெகுளி உவகை’ என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. இலக்கணம் செய்யுளுக்காக வகுத்ததை நடிகர் தம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கும் காரணங்கள். பிறர் இழிவுபடுத்தியதால் வருவது இளிவு. உயிரையோ பொருளையோ இழந்ததால் வருவது இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது அசைவு. இல்லாமையால் வருவது வறுமை.

இந்த நான்கையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வசனமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் நடித்துப் பதிவு செய்யுங்கள். நான் கவனித்தவரை, அவமானப்பட்டு அழுபவர் முதலில் முகத்தை மறைக்கிறார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. இழந்து அழுபவர் மறைப்பதில்லை; அவருடைய கைகள் இல்லாத ஒன்றைத் தேடுகின்றன. நிலை தாழ்ந்தவரின் அழுகை முதுகெலும்பில் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார முயன்று தோற்கிறார். வறுமையில் அழுபவர் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே அழுகிறார், ஏனென்றால் அழுவதற்கென்று ஒதுக்க அவருக்கு நேரமில்லை. ‘அழு’ என்ற ஒரே சொல் இப்படி நான்கு உடல்களாகப் பிரிகிறது. நகைக்கும் இதையே செய்து பாருங்கள். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் எள்ளிச் சிரிக்கும் உதடும் குழந்தைத்தனத்தில் சிரிக்கும் உதடும் ஒன்றாக இருக்க வழியில்லை.

கண்ணீர் வரவில்லையே என்று வருந்தி உழைப்பை வீணாக்காதீர்கள். அதற்குக் கிளிசரின் இருக்கிறது, மேக்கப் போடுபவரின் பெட்டியில் எப்போதும் இருக்கும். அழாமல் இருக்கப் பாடுபடும் முகத்துக்கு எந்தப் பெட்டியிலும் மாற்று இல்லை. மூச்சைக் கவனியுங்கள்: துயரம் தொண்டைக்கு வரும்போது நாம் மூச்சை விடாமல் பிடிக்கிறோம், சிறிது சிறிதாக விடுகிறோம். அந்த மூச்சைச் சரியாகச் செய்தால் கண் தானாகவே தொடர்வதுண்டு.

ஆறாம் படி: கையும் துணியும் பொருளும்

‘கையை எங்கே வைப்பது?’ என்பது புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. வேலையில் வைக்க வேண்டும் என்பதே விடை. பாத்திரம் டீக்கடையில் வேலை செய்பவர் என்றால், உண்மையான டீக்கடையில் நான்கு நாள் நின்று, ஆற்றும்போது டீ மாஸ்டர் குவளையைப் பார்க்கிறாரா வாடிக்கையாளரைப் பார்க்கிறாரா என்று பாருங்கள். அவர் பெரும்பாலும் குவளையைப் பார்ப்பதில்லை. குவளையைப் பார்த்துக்கொண்டே ஆற்றும் நடிகர், தமக்கு அந்தத் தொழில் தெரியாது என்று அந்த ஒரு பார்வையில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாம் கேட்கும் நாகஸ்வரம், மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. சிவாஜி கணேசன் வாசிக்கவில்லை. ஆனாலும் அவருடைய விரல்களின் ஓட்டம், உப்பும் கன்னம், மூச்சு எடுக்கும் இடம், பக்கத்தில் வாசிப்பவரைப் பார்க்கும் பார்வை ஆகியவற்றைப் பார்த்தால் நாகஸ்வரம் அவருடையதல்ல என்று நம்புவது கடினம். ஒலியே தம்முடையதாக இல்லாத நிலையில், ஒரு நடிகரின் உடல் எவ்வளவு சுமக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் காட்சியை வாரம் ஒரு முறை ஒலியில்லாமல் பாருங்கள்.

துணியும் பேசும். எதிரே மதிப்புக்குரியவர் வரும்போது மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது, ஒருவரை மதிக்கவில்லை என்று காட்ட இறக்காமலே நிற்பது, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நிற்பது ஆகியவற்றைத் தமிழ்ப் பார்வையாளர் விளக்கமில்லாமல் படித்துவிடுவார். ஆனால் இவற்றில் சிலவற்றின் பின்னால் சாதியும் அதிகாரமும் இருக்கின்றன. யார் முன்னால் யார் துண்டை இறக்க வேண்டியிருந்தது, எந்தக் காலத்தில் யார் அதை மீண்டும் தோளில் போட்டார்கள் என்பதற்கெல்லாம் வரலாறு உண்டு. கதை எந்த ஊரில், எந்த ஆண்டில் நடக்கிறது என்று இயக்குநரிடம் கேட்காமல் இந்தச் சைகைகளைப் பழைய படங்களிலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். வெற்றிமாறனின் ‘அசுரன்’ படத்தில், 2019இல், தனுஷ் ஒரே மனிதரின் இளமையையும் நடுவயதையும் நடித்திருக்கிறார். இரண்டு வயதிலும் அவர் பிறர் முன்னால் எப்படி நிற்கிறார், தோள் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால், வயதுக்கு நரைமுடி ஒட்டுவது எவ்வளவு சிறிய பகுதி என்பது விளங்கும்.

சைகையைப் படிக்க எதிரே ஒருவர் இருந்தால்தான் அது மொழி. 1982இல் பாலுமகேந்திரா இயக்கிய ‘மூன்றாம் பிறை’யின் இறுதியில் கமல்ஹாசன், நினைவு மாறிப்போன ஸ்ரீதேவிக்குத் தம்மை நினைவூட்ட, முன்பு அவளைச் சிரிக்க வைத்த குரங்காட்டத்தை ரயிலடியில் ஆடிக்காட்டுகிறார். அவளோ அவரை யாரோ இரவலன் என்று நினைக்கிறாள். அதே அசைவுகள், படிப்பவள் மாறியதும் பொருளிழந்து போகின்றன. அந்தக் காட்சியின் வலி அவர் ஆட்டத்தில் மட்டுமல்ல, அது போய்ச் சேராததில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மொழி’ படத்தில், 2007இல், ஜோதிகா ஏற்றதைப் போன்ற, செவித்திறனும் பேச்சும் இல்லாத பாத்திரம் உங்களுக்குக் கிடைத்தால், அதை வெறும் சைகை நடிப்பு என்று எண்ணிக் கையை ஆட்டத் தொடங்காதீர்கள். சைகைமொழி தனக்கென இலக்கணம் உள்ள முழு மொழி. அதை அறிந்த ஆசிரியரிடம் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

பார்த்துக் கற்றல்

கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே, அங்கே பயிற்சி செய்த நடிகர்களைப் பக்கத்திலிருந்து கவனித்தவர் விஜய் சேதுபதி. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய அந்த அமைப்பிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் முதலியோர் திரைக்கு வந்தார்கள். இத்தகைய இடத்தில் சேர வாய்ப்பு இல்லாதவர்களுக்குப் பேருந்து நிலையம் போதும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்கும் இருவரைப் பார்த்து, அவர்களுக்குள் என்ன உறவு, யார் யாரிடம் கேட்கிறார், யார் மறுக்கிறார் என்று ஊகித்து எழுதுங்கள். எந்த அசைவைக் கொண்டு ஊகித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது வரிதான் உங்கள் சேமிப்பு.

படங்களில், 1987இல் வந்த ‘பேசும் படம்’ கட்டாயம் பார்க்க வேண்டியது. அதில் வசனமே இல்லை; ஓசைகள் உண்டு. இரைச்சலுக்கு நடுவே குடியிருந்து பழகிய கதாநாயகனுக்கு, ஆடம்பர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வருவதில்லை. இதைச் சொல்ல ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை என்பதைவிட, எந்த இடத்திலும் ‘சொல் இல்லையே’ என்ற குறையை ஈடுகட்ட கமல்ஹாசன் முகத்தைச் சுளித்துக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊமைக் கூத்துப் போல எல்லாவற்றையும் விரலால் வரைந்து காட்டுவது அங்கே இல்லை.

படப்பிடிப்பு நாளில்

ஒத்திகையை மானிட்டர் என்று அழைப்பார்கள். அதில் நீங்கள் நடந்து வந்து நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் குறியிட்டுக் காட்டுவார்கள். குனிந்து பார்க்காமல் அந்த இடத்தில் வந்து நிற்க, பின்னோக்கி அடிகளை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி மாறாமல் காக்கும் கன்டினியூட்டி உங்கள் பொறுப்பும்கூட. காட்சி முழுவதையும் சேர்த்து எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில் டம்ளரை எந்தக் கையால் எடுத்தீர்களோ, க்ளோசப்பிலும் அதே சொல்லில் அதே கையால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மிகச் சிறந்த டேக்கைப் படத்தொகுப்பாளரால் பயன்படுத்த முடியாமல் போகும். ஆகவே முதல் டேக்கிலேயே கைவேலைகளைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. சேர்த்தது ஒவ்வொன்றையும் நாள் முழுவதும் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. வசனம் முடிந்ததும் புதியவர்களின் முகம் உடனே தளர்ந்து, கண் இயக்குநரை நோக்கி ‘சரியா?’ என்று ஓடுகிறது. படத்தொகுப்பாளர் ஷாட்டை வெட்டத் தேடும் இடம் பெரும்பாலும் வசனம் முடிந்த பிறகு வரும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் இருக்கிறது. இயக்குநர் ‘கட்’ சொல்லாமல் ஐந்து விநாடி கூடுதலாக ஓடவிட்டாலும், கேமரா ஓடும் வரை அந்த மனிதராகவே, அவர் பார்த்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு இருங்கள். ‘கட்’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு முகத்தை விடலாம்.